பூங்காவனம் குடித்த பொடி

ஹலோ… ஹலோ, பஞ்சநாதன் சார்? நர்மதா பேசுறேன். பூங்காவனம் அக்காவுக்கு நாம குடுத்த டப்பாவுல இருந்தது நெசப் பொடியா, டம்மிப் பொடியா? அத முதல்ல சொல்லுங்க.

…தெரியும் சார். கேக்கக் கூடாதுன்னு தெரியும். வேலைக்குச் சேந்த அன்னிக்கே சொன்னீங்க. ‘என்ன வேணா கேளும்மா, யாருக்கு எந்தப் பொடி போகுதுன்னு மட்டும் எங்கிட்ட எப்பவும் கேட்டுடாத’ன்னீங்க. இப்பக் கேக்குறேன்.

…இல்ல, பெரம்பலூர் வரல. அரியலூர்ல நிக்கிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவுல. காலையில ஆலத்தியூர்லேர்ந்து அவங்களத் தூக்கிட்டு வந்தோம்… ஆமா, நம்ம ஆராய்ச்சியில இருக்குற அதே பூங்காவனம் அக்காதான். ஆமா, ஆமா. போன வாரம் எடை மெஷின்ல ஏறி, ‘நான் எளைச்சுட்டேன், எம் புருசன்தான் நம்ப மாட்டேங்குறாரு’ன்னு சிரிச்சாங்களே, அவங்கதான். ரெண்டு நாளா குளிர்காய்ச்சல். பிரஷர் இறங்கிக் கெடக்கு. கூப்பிட்டா கண்ணத் தொறக்குறாங்க, பேச்சு கொழறுது.

…கீட்டோ டயட்டப் பத்தி எல்லாம் சொல்லிட்டேன் சார். சோத்த நிறுத்திட்டு, முட்டையும் கீரையும் பனீருமா கொஞ்சூண்டு திங்க வெச்சிருக்கோம்னு ஒண்ணையும் மறைக்கல. அதுக்குத் தகுந்தாப்புல குளுக்கோஸ் ஏத்திப் பாத்துக்கிறாங்க. இங்க சிந்துன்னு ஒரு டாக்டர். சின்ன வயசுதான், ஆனா கேக்குற கேள்விய ஒழுங்கா கேக்குறாங்க. ‘தினமும் ஒரு பொடி குடுத்தீங்களே, அதுல உயிரோட கிருமி இருக்கா, இல்லையா?’ அவ்வளவுதான் கேட்டாங்க. வூடு வூடா போயி அந்த டப்பாவ நீட்டினவ நானு. உள்ள என்னன்னு கேட்டா ‘தெரியாது டாக்டர்’ங்கிறேன். அவங்க என்ன ஏற இறங்கப் பாத்தாங்க பாருங்க…

…நல்ல கிருமிதான் சார். நல்ல கிருமியும், அதுக்குத் தீனியா நார்ச்சத்தும். எனக்கும் தெரியும், நான் என்ன காய்கறிக் கடையிலேர்ந்தா வந்தேன்? ஒழுங்கா இருக்குற ஒடம்புல, குடலுக்குள்ள கெடந்தா நல்ல கிருமி. எதிர்ப்பு சக்தி செத்துப்போன ஒடம்புல அது குடலத் தாண்டி ரத்தத்துல ஏறினா? இதையும் நீங்கதான வகுப்புல சொன்னீங்க.

…அபூர்வம். ஆமா, அபூர்வம்தான். அபூர்வமா நடக்குறதும் யாராச்சும் ஒருத்தருக்கு நடந்துதான சார் ஆகுது?

…அவங்களுக்கு எதிர்ப்பு சக்தி ஏன் போகணும்? சொல்றேன், கேளுங்க. முட்டி வலிக்கு மெடிக்கல்ல ‘ஒரு செட்டு’ வாங்கிப் போட்டுட்டே இருந்திருக்காங்க. கலர் கலரா நாலஞ்சு மாத்திரைய ஒரு பேப்பர்ல மடிச்சுக் குடுப்பாங்கல்ல, அது. மாசக்கணக்கா. மடியில ஒரு பொட்டலம் இருந்துச்சு, டாக்டர் பிரிச்சுப் பாத்துட்டுத் தலையில கைய வெச்சுட்டாங்க. அதுல ஸ்டீராய்டு இருக்கு.

…கேட்டேன் சார்! சேக்கும்போதே கேட்டேன்! நீங்க அச்சடிச்சுக் குடுத்த கேள்விய அப்படியே வாசிச்சேன். ‘மருத்துவர் பரிந்துரைத்த மருந்து ஏதேனும் உட்கொள்கிறீர்களா?’ இல்லன்னாங்க. பொய்யில்ல சார் அது. எந்த மருத்துவர் பரிந்துரைச்சாரு? கடையில போயி ‘கை கால் வலிக்கு ஒரு செட்டு குடு’ன்னு வாங்கினது. எங்க ஊர்ல பாதிப் பேரு அந்தச் செட்டப் போட்டுட்டுத்தான் எழுந்து நடக்குறாங்க. ‘செட்டு போடுறீங்களா’ன்னு ஒரு வரி சேத்துக்கலாமான்னு நான் கேட்டதுக்கு, ‘கேள்விய மாத்தக் கூடாதும்மா’ன்னுட்டீங்க.

…கத்தல. இங்க ஸ்ட்ரெச்சர் போகுது, அதான் சத்தம்.

…காய்ச்சலுக்குக் காரணம் பொடிதான்னு நான் சொல்லல. டாக்டரும் சொல்லல. மூத்திரத்துலேர்ந்து வந்திருக்கலாம், நெஞ்சுச் சளியிலேர்ந்து வந்திருக்கலாம். எல்லாத்தையும் பாக்குறாங்க. ரத்தம் எடுத்து லேப்புக்கு அனுப்பியாச்சு. பொடியில கிருமி இருக்குன்னா, ‘இதையும் தேடுங்க’ன்னு லேப்புக்குச் சொல்லணுமாம். சொல்லாம விட்டா, ஊசி குத்தினப்ப எங்கேர்ந்தோ ஒட்டின கிருமின்னு ஒதுக்கிடுவாங்களாம். வழக்கமா ஏத்துற ஒரு மருந்து அதுக்கு எடுபடாதாம். மருந்த மாத்துறதா இருந்தா இப்பவே மாத்தணும். இதுக்குத்தான் சார் கேக்குறேன். இருக்கா, இல்லையா?

…பொடி கம்பெனிக்காரங்ககிட்ட ஒரு வார்த்தையா? எதுக்கு? …நாளைக்கு வராங்களா? வரட்டும். அதுக்கும் அக்கா பிரஷருக்கும் என்ன சம்பந்தம்? …சார், ஒருத்தரோட கவரப் பிரிச்சா அந்த ஒருத்தரோட கணக்குத்தான போகும்? மத்தவங்கது அப்படியே இருக்கும்ல? அவசரம்னா பிரிக்கலாம்னுதான யாருக்கு எந்தப் பொடின்னு எழுதி, ஆளாளுக்கு ஒரு கவர ஒட்டி உங்க பீரோவுல வெச்சிருக்கீங்க? இதுக்கு மேல என்ன அவசரம் வேணும்? பாடை கட்டணுமா?

…சரி. சரி சார். பேசியிருக்கக் கூடாது. அவங்க நாத்தனாரு இங்கதான் உக்காந்திருக்காங்க, நானே நாக்கக் கடிச்சுக்கிட்டேன். நீங்க கவரப் பிரிங்க.

…ம். இருக்கேன். லைன்லயே இருக்கேன்.

என்னாக்கா? …இன்னும் சொல்லல. பீரோ சாவியத் தேடுறாராம்… அழாதீங்க முத்தாயி அக்கா. உங்க அண்ணிக்கு ஒண்ணும் ஆவாது. இந்தாங்க, தண்ணி குடிங்க முதல்ல.

சொல்லுங்க சார். …டம்மியா? நல்லாப் பாத்தீங்களா? …பூங்காவனம்னே போட்டிருக்கா? …வெறும் மாவு. கிருமி இல்ல. …அப்பாடா. உசுரு வந்துச்சு சார். தேங்க்ஸ் சார், ரொம்ப தேங்க்ஸ். ஏதோ கோவத்துல பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. இதோ போயி டாக்டர்கிட்ட சொல்லிடுறேன்… ஆமா… ஆமா சார். ‘எங்க பொடிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல’ன்னு அவங்ககிட்ட எழுதி வாங்கணுமா? …அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார். முதல்ல சொல்லிட்டு வரேன்.

அக்கா, நல்ல சேதி. உங்க அண்ணி குடிச்சது வெறும் மாவாம். கிருமியே கெடையாதாம்… ஏங்க்கா அப்படிப் பாக்குறீங்க?

…என்னது?

சார், செத்த இருங்க. வெச்சுடாதீங்க. இருங்க சார்!

அக்கா, மறுபடி சொல்லுங்க. யாரோட டப்பா? …எல்லாருதுமா? ஒண்ணா கொட்டிட்டீங்களா? எதுல? …வாளியிலயா! யாரு சொன்னா இப்படிச் செய்யச் சொல்லி? …நீங்களாவா? எப்பேர்ந்து? …அப்ப மொத டப்பா முடியறதுக்குள்ளயேவா?

…ம். …ம். …அட கடவுளே.

…திட்டல அக்கா. உங்களத் திட்டல. உக்காருங்க.

சார். இருக்கீங்களா? அந்தக் கவரு வேலைக்காகாது. …இல்ல, கவர்ல தப்பில்ல. நீங்க சரியாத்தான் படிச்சீங்க. தெருவுல எல்லா டப்பாவையும் ஒரே வாளியில கொட்டிக் கலந்துட்டாங்க.

…வாளி சார், வாளி. எவர்சில்வர் வாளி.

…ஏன்னா? சோத்த நிறுத்தினதும் பாதிப் பேருக்கு வெளிக்கிப் போகாம வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சாம். மீதிப் பேருக்கு ஒழுங்கா போயிருக்கு. குழாயடியில பேசிக்கிட்டப்ப வெளிய வந்துடுச்சு, திங்கிறது ஒண்ணுதான், பொடிதான் வேறன்னு. நம்ம ரகசியம் குழாயடியில ஒரு மாசம்கூடத் தாங்கல சார். அப்புறம் என்ன செய்வாங்க? எங்க தெருவ உங்களுக்குத் தெரியாது. ஆடு அடிச்சா கறிய எப்படிக் கூறு போடுவாங்க? எலும்பும் கொழுப்பும் ஈரலும் எல்லாக் கூறுலயும் விழணும். ஒருத்திக்கு ஈரலு, ஒருத்திக்கு வெறும் எலும்புன்னா அன்னிக்கே சண்டை. பொடியையும் அப்படியே கூறு போட்டாங்க. கலக்கி, கரண்டியால அளந்து, அவங்கவங்க டப்பாவுலயே திரும்பப் போட்டு எடுத்துட்டுப் போயிருக்காங்க. நான் மாசா மாசம் காலி டப்பாவ வாங்கிட்டு, ‘எல்லாரும் சுத்தமா குடிச்சிருக்கீங்களே’ன்னு கை தட்டிட்டு வந்திருக்கேன்.

…அந்த வார்த்தைய இன்னொரு தடவை சொல்லாதீங்க. முட்டாளுன்னா நானும் அந்தத் தெருதான். எங்க அம்மாவும் அந்தத் தெருதான். ‘கலந்துடாதீங்க, கலந்தா ஆராய்ச்சியே போச்சு’ன்னு அவங்ககிட்ட நாம சொன்னோமா? நாலு பக்கத்த மடமடன்னு வாசிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கினோம். டம்மின்னு ஒண்ணு இருக்குங்கிறது எந்த வரியில வந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்கே ரெண்டு தடவை படிச்சப்பதான் தெரிஞ்சுது.

…ஆமா. புரிஞ்சிடுச்சா? நானும் அதத்தான் நெனச்சேன். ரெண்டு குரூப்போட மலத்துலயும் நல்ல கிருமி ஒரே மாதிரி ஏறியிருக்குன்னு போன மாசம் குதிச்சீங்களே. சோறும் பயறும் நிறுத்தினா நார்ச்சத்து தின்னு பொழைக்கிற கிருமி பட்டினியில கொறையும், எல்லாப் புத்தகமும் அப்படித்தான் சொல்லுது, இங்க டம்மி குடிச்சவங்களுக்கும் ஏறுதே, இது புதுசாச்சேன்னு. ‘கீட்டோ டயட்டே கிருமிய வளக்குது’ன்னு தலைப்புகூட வெச்சுட்டீங்க. டயட்டு ஒண்ணையும் வளக்கல சார். டம்மி குடிச்சவங்கன்னு ஒருத்தர்கூட அங்க இல்ல. எல்லாரு வயித்துலயும் வாளிதான் போயிருக்கு.

…ஹலோ? …ஹலோ? கேக்குதா சார்?

…ம். …யாருக்குத் தெரியும்னா… எனக்குத் தெரியும். முத்தாயி அக்காவுக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். ஏன் கேக்குறீங்க?

…நான் டாக்டர்கிட்ட போயி என்ன சொல்லணும்? …டம்மின்னா? …ரெக்கார்டு படி டம்மி. ஆமா, ரெக்கார்டு படி. டாக்டர் ரெக்கார்டுக்கா சார் மருந்து ஏத்தப் போறாங்க? அந்த ஊசி அக்கா கையிலதான ஏறுது?

…பி.எச்டி. சீட்டா? …ஆமா, நீங்கதான் வாங்கித் தரேன்னீங்க. ஒத்துக்குறேன். நீங்க கையெழுத்துப் போடலன்னா எனக்குக் கெடைக்காது, அதையும் ஒத்துக்குறேன். எங்க வூட்டுல காலேஜுக்குள்ள கால வெச்ச மொத ஆளு நானு. முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்க தாலுகா ஆபீஸ் வாசல்ல எங்க அப்பா செருப்பக் கழட்டிட்டு நின்னாரு. எனக்கு அந்தச் சீட்டு எவ்வளவு பெருசுன்னு உங்களுக்கே தெரியும், தெரிஞ்சுதான இப்ப அந்தப் பேச்ச எடுக்குறீங்க?

…நான் சொல்லி முடிச்சுக்கிறேன். அந்தப் பொம்பளைங்க உங்கள நம்பியா வந்தாங்க? அந்தக் கம்பெனி பேர அவங்களால வாயால சொல்லக்கூட முடியாது. ‘நர்மதா படிச்ச புள்ள, அது குடுத்தா கண்ண மூடிக்கிட்டுக் குடிக்கலாம்’னு வந்தாங்க. பூங்காவனம் அக்கா மொத நாளு டம்ளர வாயில வெச்சுக்கிட்டு எம் மூஞ்சியத்தான் பாத்தாங்க.

…நாளைக்குச் சாயங்காலம் வரைக்குமா? …கம்பெனிக்காரங்க கார் ஏறிப் போற வரைக்கும். அப்புறம் சொல்லலாம். ம்.

…இல்ல.

…இல்ல சார்.

…கெஞ்சாதீங்க சார், எனக்குக் கஷ்டமா இருக்கு. திட்டினாக்கூடத் தாங்கிக்குவேன்.

முத்தாயி அக்கா, எழுந்திரிங்க. டாக்டர்கிட்ட போறோம். …போலீசெல்லாம் யாரும் வர மாட்டாங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. வாளியில கொட்டினது, கரண்டியால அளந்தது, அண்ணி தினமும் குடிச்சது, இத மட்டும் உள்ளது உள்ளபடி சொல்லுங்க போதும். நான் பக்கத்துலயே நிக்கிறேன். கையக் குடுங்க.

…நடந்துட்டேதான் சார் பேசுறேன். …யோசிச்சுட்டேன். நீங்க சாவி தேடினப்பவே யோசிச்சு முடிச்சுட்டேன். கவர்ல என்ன வந்தாலும் உள்ளத டாக்டர்கிட்ட சொல்றதுன்னுதான். நாளைக்கு ஆபீஸுக்கு வர மாட்டேன். எடை மெஷினும் மீதி டப்பாவும் எங்க வூட்டுலதான் இருக்கு, ஆள அனுப்பி எடுத்துக்கோங்க. தெருவுல இருக்குற டப்பாவ மட்டும் கேக்காதீங்க, அத இன்னிக்கே நானே வாங்கிடுவேன். செட்டு போடுறவங்க இன்னும் எத்தன பேரு இருக்காங்களோ.

டாக்டர்! சிந்து டாக்டர், உள்ள வரலாமா? …அந்தப் பொடி விஷயம். இருக்கு டாக்டர், உயிரோட கிருமி இருக்கு. லாக்டோபேசில்லஸ், பிஃபிடோ ரெண்டும். எவ்வளவு போச்சுன்னு கணக்குச் சொல்ல முடியாது, இந்த அக்கா சொல்லுவாங்க, ஆனா தினமும் போயிருக்கு. லேப்புக்குச் சொல்லிடுங்க. …ஆமா, எழுதிக்கோங்க. நர்மதா. …பதவியா? இப்ப ஒண்ணுமில்ல. பேரு மட்டும் போடுங்க, கையெழுத்துப் போடுறேன்.

…இந்தப் போனா? எங்க சாருதான். இன்னும் பேசிட்டேதான் இருக்காரு. இருங்க, கட் பண்றேன்.