மருமகளுக்கு நான் போட்ட குறியீடு

இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு கதை சொல்கிறேன், என் கதைதான். முப்பத்தோரு வருஷ உத்தியோகத்தில் நான் ஒருநாள்கூடத் தாமதமாகப் போனதில்லை.

ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவில் எனக்கு ஜன்னலோர மேஜை. டாக்டர் எழுதியதைப் படித்து, நோய்க்கு உரிய குறியீட்டைப் போட்டு இன்சூரன்ஸுக்கு அனுப்புவது வேலை. பால்வினை நோய் இருக்கிறதா என்று சும்மா பரிசோதித்தால் ஒரு குறியீடு. நோய் உறுதியானால் வேறு. நாங்கள் போட்ட குறியீட்டுக்கு என்ன நோய் என்பதை அப்படியே எழுதி, பாலிசிதாரர் வீட்டுக்கு இன்சூரன்ஸ்காரர்கள் கடிதம் அனுப்புவார்கள். பலருக்கு இது தெரியாது.

என் மருமகள் தங்கமான பெண். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மூன்றாம் மாதத்தில், கர்ப்பிணிகள் எல்லாருக்கும் எடுக்கிற ரத்தப் பரிசோதனைக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தாள்.

"அத்தை, உங்க ராஜ்யத்துக்குள்ள வந்துட்டேன். பார்த்துப் போடுங்க" என்று சிரித்தாள். போகிற போக்கில், "குழந்தை பிறக்கறதுக்குள்ள தனியா வீடு பார்த்துடலாம்னு இவர் சொல்றார்" என்றாள்.

அந்த 'இவர்' நான் பெற்ற பிள்ளை.

"நல்லதும்மா" என்றேன்.

ரிசல்ட்டில் நோய் எதுவும் இல்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, பால்வினை நோய் உறுதி என்பதற்கான குறியீட்டைப் போட்டேன். பிறகு டீ குடிக்கப் போனேன்.

பாலிசி மகன் பேரில். பத்தாம் நாள் கடிதத்தோடு என்னிடம்தான் வந்தான்.

"அம்மா, இது தப்பா இருக்குமா?"

"நானே போட்டதுப்பா. எத்தனை வருஷமா போடறேன்."

அவள் வேறு இடத்தில் பரிசோதித்து, நோய் இல்லை என்ற தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். "அத்தை, நீங்களாவது சொல்லுங்க. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே."

தெரியும். மகன் என் முகத்தைப் பார்த்தான்.

"ரகசியமா மருந்து எடுத்துக்கிட்டா இப்படித்தான் வரும்" என்றேன். இதைத் தவிர அவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை.

அவள் பிறந்த வீட்டுக்குப் போனாள். பேத்திக்கு இப்போது ஏழு வயசு. தன் குழந்தைதானா என்ற சந்தேகத்தில் மகன் போய்ப் பார்க்கவே இல்லை. அந்தச் சந்தேகத்தை நான் கிளப்பவில்லை, அவனாகவே சந்தேகப்பட்டான். வேறு வீடும் பார்க்கவில்லை. தினமும் எனக்கு எதிரே உட்கார்ந்து, தலை நிமிராமல் சாப்பிடுகிறான். வீடு அமைதியாக இருக்கிறது.

சரி, நேரமாகிறது, எழுந்திருங்கள். உங்கள் வீடு குழந்தைகளால் நிறையட்டும். உங்கள் வீட்டுப் பெண்களுக்கு, போகிற இடத்தில் என்னைப்போல் பெற்ற தாயாகப் பார்த்துக்கொள்கிற மாமியார் வாய்க்கட்டும்.