ஸஹர் நேரத்துக் குளிசைகள்

நிஸாம்: டொக்டர் வந்து கேட்டா நீ ஒண்டும் செல்லாத. சரியா?

ரிஸ்னா: என்னத்த?

நிஸாம்: அந்த... ரத்தம் கொறவுண்டு நீ குடிச்ச இரும்புக் குளிசய.

ரிஸ்னா: ஏன், அது என்ன களவெடுத்த சாமானா?

நிஸாம்: மெதுவாப் பேசு! பக்கத்துக் கட்டில்ல ஆள் ஈக்கி.

ரிஸ்னா: அவங்க நல்ல தூக்கம். நீங்க செல்லுங்க... ஏன் மறைக்கணும்?

நிஸாம்: மறைக்கல்ல. கேக்காததச் செல்லத் தேவல்லண்டுதான்...

ரிஸ்னா: கேக்காம விடுவாங்களா? ஏழு நாள் ஆன்டிபயோடிக் குடிச்சும் காய்ச்சல் எறங்கல்ல. ரிப்போர்ட்ல அந்த மருந்துக்குக் கிருமி சாகும்ண்டுதான் ஈக்கி. பொறகு ஏன் சாகல்லண்டு நேத்து அந்தப் புள்ள கொழம்பிப் போய் நிண்டிச்சி.

நிஸாம்: புள்ளண்டு செல்லாத. டொக்டர்.

ரிஸ்னா: ஓ... வெள்ளவத்த டியூஷன்ல ஒங்கட கெமிஸ்ட்ரி கிளாஸ்ல ரெண்டு வருஷமா முதல் வரி வாங்குல இருந்த டொக்டர். நேத்து அந்த டொக்டர் ஷிம்னாவே போய் ஒங்களுக்குக் கதிரை தூக்கிட்டு வந்தா. "இரிங்க சேர், இரிங்க சேர்"ண்டு...

நிஸாம்: அதுதான் ரிஸ்னா. அதுதான்...

ரிஸ்னா: எதுதான்?

நிஸாம்: இந்த மருந்தும் இரும்பும் ஒண்டாப் போனா வயித்துக்குள்ள ஒண்ட ஒண்டு புடிச்சிக்கொள்ளும். மருந்து ரத்தத்துல சேராது, சும்ம வெளிய போயிரும். பாலும் அப்பிடித்தான்... கல்சியம் ஈக்கிதானே.

ரிஸ்னா: விடிய முந்தி ஸஹர் சாப்பாட்டுக்கு ரெண்டையும் ஒரே சோஸர்ல வெச்சி, பால் தேத்தண்ணியோட தந்தது...

நிஸாம்: நான்தான்.

ரிஸ்னா: நோன்பு தொறக்கிற நேரமும்...

நிஸாம்: நான்தான்! வாய்ல ஏதும் போடுறது அந்த ரெண்டு நேரம்தானே, எல்லாத்தையும் ஒண்டா முடிச்சிடுவம்ண்டு நெனச்சன்.

ரிஸ்னா: காய்ச்சலோட நோன்பு வேணாம்ண்டு நீங்க சென்னீங்கதான். நான்தான் கேக்கல்ல.

நிஸாம்: எனக்காகப் பரிஞ்சு பேசாத. இன்னும் வெக்கமா ஈக்கி.

ரிஸ்னா: தெரியாமத்தானே தந்தீங்க...

நிஸாம்: தலகாணிய கொஞ்சம் ஒசத்தவா?

ரிஸ்னா: தெரியுமா?

நிஸாம்: பெட்டிக்குள்ள ஈந்த தாள வாசிச்சன். முதல் நாளே. எடவெளி விட்டுக் குடுக்கணும்ண்டு போட்டிருந்திச்சி. இரும்புக் குளிசய ராவு பத்து மணிக்குத் தந்திருக்கலாம். தராவீஹ் தொழுது முடிஞ்சி பள்ளி வாசல்ல நிண்டு கதைச்சிட்டு வந்தா, நீ தூக்கம். எழுப்பப் பஞ்சி, சோம்பல். ஒரு நாளைக்குத்தானேண்டு விட்டன்... அப்பிடியே ஏழு நாள்.

ரிஸ்னா: நீங்க தந்தா என்னண்டும் பாக்காம விழுங்குற ஆள் நான்.

நிஸாம்: தெரியும்... முப்பது வருஷம் படிப்பிச்சவன். இத எந்த மொகத்தோட அவகிட்ட செல்ற?

ரிஸ்னா: செல்லாட்டி, மருந்து சரியில்லண்டு பெரிய ஊசிக்கு மாத்துவாங்க. பெருநாளும் எனக்கு இந்தக் கட்டில்லதான்.

நிஸாம்: ஊசி... நல்லம்தானே?

ரிஸ்னா: எனக்கா? ஒங்களுக்கா?

நிஸாம்: குத்திக் காட்டாத. செல்றன், நானே செல்றன்... ஆனா இண்டைக்கு வேணாம். நேர்ஸ்மாரெல்லாம் கூட வருவாங்க. நாளைக்கு அவவத் தனிய கண்டு...

ரிஸ்னா: நாளைக்குத் தேவல்ல.

நிஸாம்: ஏன்?

ரிஸ்னா: காலைல நீங்க வர முந்தியே வந்துட்டா. வேற என்ன குடிச்சீங்கண்டு கேட்டா. செல்லிட்டன். சோஸர், பால் தேத்தண்ணி... எல்லாம். ஊசி வேணாமாம். அதே மருந்த, தனிய. நீங்களா அவகிட்ட செல்வீங்களாண்டுதான் இவ்வளவு நேரம் பாத்துக்கொண்டிருந்தன்.

நிஸாம்: யா அல்லாஹ்... அவ என்ன சென்னா?

ரிஸ்னா: "இது ஏ லெவல்ல சேர் படிப்பிச்சதுதான், அதாலதான் எனக்கு ஒடனே வெளங்கிச்சி"ண்டா. என்ட மொகத்தப் பாக்காமத்தான் சென்னா.