இரண்டாவது இழுப்பு

குதிரைக்குச் சேணம் கட்டுவது பெரிய வித்தையில்லை, ஐயா. வயிற்றுப் பட்டியை இழுத்துக் கட்டும்போது குதிரை மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பவைக்கும். அதனால் பத்தடி நடத்தி, அது மூச்சை விட்ட பிறகு, இன்னொரு தரம் இழுக்கவேண்டும். பலெர்மோவுக்கு வெளியே ஒரு குதிரைப் பள்ளியில் ஆறு வருடம் இந்த வேலை செய்தேன். ஒரு நாளும் மறந்ததில்லை. போட்டியன்றும் மறக்கவில்லை.

என் மனைவி செலஸ்ரீனா நகருக்குள் பொலிதேயாமாப் பகுதியில் ஒரு சிஞ்ஞோரா, இத்தாலிய எசமானி, வீட்டில் வேலை செய்தாள். அந்த வீட்டுப் பிள்ளை லவீனியாவைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி வளர்த்தவள் அவள்தான். 1995இல் சிஞ்ஞோராவின் தோடு ஒன்று காணாமற்போனது. கள்ளி என்று சொல்லி இவளை வேலையால் நிறுத்தினார்கள். கதை பரவியது, வேறு வீடு கிடைக்கவில்லை. வேலையில்லாமல் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்கும் அனுமதி, இல்லை. இலங்கையில் சண்டை நடந்த மன்னாருக்கே திரும்பிப் போனாள்.

அடுத்த வருடம் உயிர்த்த ஞாயிறு முடிந்து, லவீனியாவை எங்கள் குதிரைப் பள்ளியில் சேர்க்க சிஞ்ஞோரா வந்தாள். செலஸ்ரீனாவின் புருசனிடம்தான் குதிரையோட்டப் பழகுவேன் என்று பிள்ளை அடம்பிடித்ததாம். போகும்போது, தோடு சோபாவுக்குள் கிடந்தது என்றாள்.

"பத்ஸியென்ஸா, எர்னெஸ்தோ." பொறுத்துக்கொள் என்று அர்த்தம்.

"சீ, சிஞ்ஞோரா" என்றேன், ஆமென்று தலையாட்டி. பத்ஸியென்ஸா என்ற சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்.

அவள் பழக வந்தது மூன்று பீப்பாய்களைச் சுற்றி வளைந்தோடும் அமெரிக்கப் பாணிக் குதிரையோட்டம். பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கடிவாளம் பிடிப்பது, திரும்புவது, எல்லாம் பொறுமையாகப் பழக்கினேன். இரண்டாவது இழுப்பை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. மேல் வகுப்புக்காரர் பட்டியைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். புதியவர்களின் வகுப்பில் சேணம் கட்டினவனின் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஆனியில் புதியவர்களுக்கான போட்டி. ஒருமுறை இழுத்துக் கட்டி, பத்தடி நடத்தினேன். கையை எடுத்துவிட்டேன். லவீனியா ஏறியிருந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம்?" என்று கேட்டாள். சரியா என்பதற்குச் செலஸ்ரீனா பழக்கிய எங்கள் ஊர்ச் சொல்.

"ஓம், பிள்ளை."

முதல் பீப்பாயில் திரும்பியபோது சேணம் குதிரையின் வயிற்றுக்குக் கீழே போனது. அவளுடைய கால் சிக்கிக்கொண்டது. குதிரை மிரண்டு இரண்டு சுற்று ஓடியது. இனி நடக்கமாட்டாள் என்று வைத்தியர் சொன்னார். சிஞ்ஞோரா என் சட்டையைப் பிடித்து அழுதாள். "பத்ஸியென்ஸா, சிஞ்ஞோரா" என்றேன். நெஞ்சு குளிர்ந்தது.

பட்டி பழசு என்று பொலிஸ் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்களாம், ஐயா, அதைத் திருத்தத்தான் வந்தேன். அது நல்ல பட்டி. நான்தான் இழுக்காமல் விட்டேன். பிள்ளைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எல்லாம் செலஸ்ரீனாவுக்காகத்தான் செய்தேன்.

போன கிழமையும் அவளுடைய கடிதம் வந்தது. கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். "என்ரை லவீனியா எப்பிடி இருக்கிறாள்? அவவைக் கவனமாப் பாருங்கோ." நல்லாய் ஓடித் திரியிறாள் என்று பதில் எழுதிப் போட்டிருக்கிறேன்.