செய்யல, ஆனா ஒத்துக்கறேன்

ஷாரோன்: கோர்ட்டு வாசல்ல நின்னுக்கினு என்னண்ணா முணுமுணுக்கிற? ஜெபமா?

ஜோசுவா: ஒண்ணுமில்லம்மா... டீ சாப்பிடறியா?

ஷாரோன்: பேச்ச மாத்தாத. என்ன சொல்லிப் பாத்த?

ஜோசுவா: சிரிக்கக் கூடாது.

ஷாரோன்: சொல்லு.

ஜோசுவா: "ஐயா, கடை ஜரிகைய நான் திருடல. ஆனா குத்தத்த ஒத்துக்கறேன்."

ஷாரோன்: ஏய்... இது நான் போட்ட வீடியோல வர்றதாச்சே!

ஜோசுவா: இல்ல... யாரோ சொன்னாங்க...

ஷாரோன்: யாரு? "வக்கீலுக்குப் படிக்கிறவ அமெரிக்கா தீர்ப்பப் பேசினா எவன் பாப்பான்"னு கிண்டல் பண்ண ஆளுதான நீ!

ஜோசுவா: சரி, பாத்தேன். எல்லாத்தையும் பாத்தேன். வண்டி ஸ்டாண்டு பூரா போட்டுக் காட்டினேன். "என் தங்கச்சிடா"ன்னு சொல்லிக்கினு. போதுமா? அப்படிச் சொல்லலாம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சுன்னு...

ஷாரோன்: அது அமெரிக்காவுல! இங்க சொன்னா ஜட்ஜு, "செஞ்சியா, இல்லியா? ஒண்ணு சொல்லு"ம்பாரு.

ஜோசுவா: அப்ப... செஞ்சேன்னு சொல்லிடறேன். ஃபைனோட போயிடும்னு வக்கீல் சார் சொல்லிட்டாரு.

ஷாரோன்: வீடியோவ முழுசாப் பாத்தியா?

ஜோசுவா: கடைசில ஒரு போன் வந்துடுச்சு...

ஷாரோன்: அதான். வீடியோல நான் சொன்ன அந்தக் கொலக் கேஸு ஆளு மரண தண்டனைக்குப் பயந்துதான் ஒத்துக்கினாரு. உயிர் தப்பிச்சுது, கொலகாரன்ற பேரு போவல. ஜெயில்லயே செத்தாரு. அங்க முக்காவாசிக்கு மேல கேஸு விசாரணையே இல்லாம இப்படி ஒத்துக்கினுதான் முடியுது. செய்யாதவங்க கூட ஒத்துக்கறாங்கண்ணா.

ஜோசுவா: அவங்களுக்கும் வூட்ல ஏதாவது அவசரம் இருந்திருக்கும்.

ஷாரோன்: உனக்கு என்ன அவசரம்?

ஜோசுவா: அத விடு. உள்ள கூப்பிடப் போறாங்க.

ஷாரோன்: இத்தன வருஷமா தறிக்காரங்க வூடு வூடா வண்டில பட்டுநூலு, ஜரிகை கொண்டுபோய்க் குடுத்திருக்கிற. கேஸு குடுத்த அந்தக் கடை மொதலாளியத் தவிர, பிள்ளையார்பாளையத்துல ஒருத்தராவது உன்னத் திருடன்னு சொன்னாங்களா?

ஜோசுவா: இல்ல. சாட்சி சொல்ல வரேன்னு அங்க தறி நெய்யற எல்லம்மாக்கா ஒத்தக் கால்ல நிக்குது.

ஷாரோன்: அப்புறம் என்னா?

ஜோசுவா: கேஸு இழுக்கும்மா. ரெண்டு வருஷமோ, மூணோ... உன் கல்யாணம்...

ஷாரோன்: அதுக்கும் இதுக்கும் என்னா?

ஜோசுவா: மாப்ள அம்மா எனக்குப் போன் பண்ணாங்க. ஈஸ்டருக்குள்ள கேஸ முடிச்சாத்தான் சர்ச்சுல கல்யாணத்த அறிவிச்சு ஓலை வாசிக்க விடுவாங்களாம். உங்கிட்ட சொல்லாதன்னாங்க. அப்பா இல்லாத பொண்ணு... நான் இதக்கூட செய்யலன்னா எப்படி?

ஷாரோன்: தெரியும்.

ஜோசுவா: தெரியுமா! யாரு சொன்னது?

ஷாரோன்: உன் மாப்ள விக்ரம்தான். அவங்க அம்மா பேசினதுக்கு வெக்கப்பட்டுக்கினு அவரே சொன்னாரு.

ஜோசுவா: அப்ப புரியுதுல்ல? தோ, என் பேர கூப்பிடறாங்க. விடும்மா, ஒரே வார்த்த...

ஷாரோன்: நேத்தே அவங்க வூட்டுக்குப் போயிட்டு வந்துட்டேண்ணா. "எங்க அண்ணன் திருடல. அத கோர்ட்டு சொல்ற வரைக்கும் ஓலை வாசிக்க வேணாம். காத்திருக்க முடியாதுன்னா வேற பொண்ணு பாத்துக்கோங்க"ன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன். நீ தல நிமிந்து போயி, செய்யலன்னு சொல்லிட்டு வா. எத்தன வருஷம் ஆனாலும் சர்ச்சுல உன் கையப் புடிச்சுக்கினுதான் நடப்பேன்.