வரியைத் திருத்திக்கோங்க

பரவால்ல, உக்காருங்க சார். தங்கச்சி உள்ள போன்ல இருக்கா, பத்து நிமிஷம் ஆகும். பத்திரிகைலேர்ந்து ஆள் வருவாங்கன்னு சொல்லியிருந்தா. நான் அவ அண்ணன். கம்பெனி போட்டோல ஓரமா நிப்பேனே, அந்த ஆள். தெரியலையா? அது சரி. உங்க பேப்பர்ல ஓரத்த வெட்டிட்டுத்தான போடுறீங்க.

போன மாசம் அவ பேசின கூட்டத்துக்கு வந்தீங்களா? நானும் இருந்தேன், முன் வரிசைல. எம்.டி. சீட்டுக்கு வந்து நாலு வருஷமாச்சு, இன்னும் யாராவது வந்து, இது உன் இடம் இல்ல, எந்திரின்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்குன்னா. முந்நூறு பேரு எழுந்து நின்னு கைதட்டுறாங்க. எம் பக்கத்துல ஒருத்தர் கண்ணத் தொடைக்கிறாரு. அதே பயத்த நான் சொன்னா, பிரஷர் மாத்திரை போட்டீங்களான்னு கேப்பாங்க. அவ சொன்னா பெரிய மனசு.

சேச்சே, பொறாமையெல்லாம் இல்ல. சரி, இருக்கு. அத எழுதாதீங்க.

அட்டைப்பெட்டி செய்யுற தொழில் சார் இது. இருபத்திரண்டு வருஷமா இதுக்குள்ளயே கிடக்கேன். வெட்டுற மெஷின் சத்தத்த வச்சே பிளேடு மழுங்கிடுச்சுன்னு சொல்லிடுவேன். அவ பேங்க் வேலைய விட்டுட்டு வந்தவ. முதல் வாரம் பசை டிரம்மப் பாத்துட்டு, இது பெயிண்டான்னு கேட்டா. அப்பா அவளத்தான் உக்கார வச்சாரு. ஏம்ப்பான்னு கேட்டேன். தெரியாதுன்னா தெரியாதுன்னு வாய் விட்டுச் சொல்லுவாடா, அதுக்குத்தான்னாரு. இதெல்லாம் ஒரு தகுதியா சார்?

ஆர்டர் ரெண்டு மடங்கு ஆனது உண்மைதான். நான் மறுக்கல.

இன்னைக்கு எதுக்கு வரச் சொன்னான்னு தெரியுமா? சொல்லலையா? சீட்ட விட்டு இறங்குறா. அடுத்து நான்தான், வேற யாரு இருக்கா? அவ மனசு மாறாம இருக்கணும், அவ்வளவுதான். காலைல எங்கிட்ட வந்து, முடியலண்ணா, உள்ள ஒரு குரல் கேட்டுக்கிட்டே இருக்கு, மீட்டிங்ல வாயத் திறக்கவே நடுங்குதுன்னு அழுதா. தண்ணி குடுத்தேன். வேற என்ன செய்ய?

அந்தக் குரலப் பத்தி மேடைலயும் சொன்னாளே, குறிச்சு வச்சிருப்பீங்க. படிங்க பாப்போம்.

ம்ஹூம். தப்பு சார். உன்னால முடியுமான்னு அந்தக் குரல் கேக்கவே இல்ல. அவதான் மாத்திச் சொல்லிட்டா. யோசிச்சுதான் சொல்றியா, இதான் வார்த்தை. திருத்திக்கோங்க. மீட்டிங்ல அவளுக்கு வலது பக்கத்து நாற்காலி என்னுது. அவ எந்த முடிவு சொன்னாலும் லேசா சாஞ்சு, அவ காதுக்கு மட்டும் கேக்குற மாதிரி கேப்பேன். நாலு வருஷமா கேக்குறவன், எனக்குத் தெரியாதா சார்.