ஆமை மேட்டுக்கு அனுமதி

தலைமை ஏற்றிருக்கும் விலங்கியல் துறைத் தலைவர் அவர்களே, மறைந்த ஆமை டாக்டரம்மாவின் அன்பு மகளே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் நில உரிமையாளர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

டாக்டரம்மாவோடு முப்பது ஆண்டுகள் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக் காலம் அவரோடு சண்டை போட்டவன். விலங்கைக் காட்டில் போய்ப் பாருங்கள், அடுத்தவர் தோட்டத்தில் உங்களுக்கு என்ன வேலை என்பேன். ஆமைக்கு வேலி தெரியுமா என்பார். நான் டீ குடிக்கப் போய்விடுவேன். அவர் இல்லாத அந்த ஆய்வகம் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் கையில் எடுத்தது என்ன? சட்டமா? வழக்கா? இல்லை! நிலத்துக்காரர் கதவைத் தட்டி, ஆமை முட்டையிடும் இடத்தை விட்டுவையுங்கள் என்று கேட்டார். விரட்டினால் மறுநாள் வந்து கேட்டார். வீட்டில் மட்டும் அம்மா எதையும் கேட்டதில்லை, எல்லாம் உத்தரவுதான் என்று மகள் சற்றுமுன் என் காதில் சொன்னார்.

செங்கல் சூளைக்காரர் ஒருவர். அவருடைய குளக்கரை மேட்டில்தான் ஆமைகள் முட்டையிடும். சூளைக்கு வேண்டிய மண்ணும் அதே மேட்டில்தான். முதல் நாள் டாக்டரம்மாவைச் சூளை நாய் கடித்தது. ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் காலை அதே கதவில் போய் நின்றார்.

“நிலம் என்னுது. ஆமையும் என்னுதா?” என்று எரிந்து விழுந்தாராம் சூளைக்காரர்.

“உங்க மண்ணுல பொறக்குது, உங்களுதுதான். அதனாலதான் உங்ககிட்ட கேக்க வந்தேன்.”

அந்த ஆண்டு மேடு தப்பியது. ஆனால், ஒருமுறை தந்த வாக்கை டாக்டரம்மா நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஆமை முட்டையிடும் ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் போய்க் கேட்டார். எழுதி வாங்கித் தொலையக் கூடாதா என்று தலையில் அடித்துக்கொண்டேன். எழுதி வாங்கினால் சூளைக்காரர் ஆமையை மறந்துவிடுவார் என்றார்.

இந்த ஆண்டு கேட்கப் போகுமுன் டாக்டரம்மா படுத்துவிட்டார். பருவம் நெருங்குகிறது. மண் வெட்ட ஆள் பேசியாகிவிட்டது என்று கேள்விப்படுகிறேன். கேட்க யாரும் வராதபோது சூளைக்காரர் வேறென்ன செய்வார்? அவர்மீது குற்றமில்லை.

பணியைத் தொடர்வோம் என்று மேடையில் முழங்குவது எளிது, நண்பர்களே! எனக்கோ வாய் நீளம், பொறுமை குறைவு. இங்கே அதை அறியாதவர் இல்லை. ஆனாலும் போகப்போகிறேன்.

சூளைக்கார ஐயா, கடைசி வரிசையில் நீங்கள் இருப்பது தெரிகிறது. இத்தனை பேர் முன்னால் கேட்டால் உங்களால் மறுக்க முடியாது. டாக்டரம்மா ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை, நானும் கேட்கமாட்டேன். நாளைக் காலை உங்கள் கதவுக்கு வெளியே நிற்பேன். முடியாது என்றால் மறுநாளும் நிற்பேன். நாயை மட்டும் கட்டிப்போடுங்கள்.