பதினாலாவது வாரம்

— மெதுவா பேசுங்க புனிதாக்கா. பிரிக்பீல்ட்ஸ்ல எந்தக் கடையில உக்காந்தாலும் பக்கத்து மேசையில நம்ம ஸ்டூடண்ட் ஒருத்தன் இருப்பான்.

— எப்படி மெதுவா பேசறது உர்சுலா? திங்கக்கிழமை பரீட்சை. இன்னைக்கு வெள்ளி. கேள்வித்தாளும் விடையும் காலேஜ் ஆன்லைன் பாடத்துல செவ்வாய்க்கிழமையிலேருந்து ஸ்டூடண்ட்ஸ் பாக்கற மாதிரி தொறந்து கெடந்துச்சுன்னு சாவகாசமா சொல்றே. 

— காலையிலதான் என் கண்ணுல பட்டுச்சு. உடனே மூடிட்டேன்.

— நான் மறைச்சுத்தானே வச்சிருந்தேன்?

— பதினாலாவது வாரத்துக்குள்ள வச்சிருந்தீங்க. ஆன்லைன் பாடத்தை நான் புதுசா அமைக்கிறப்ப பரீட்சையும் அதோட ஒத்துப்போகுதான்னு பாக்கச் சொன்னீங்க, சரி. ஈமெயில்ல அனுப்பியிருக்கலாம்ல?

— எட்டு வருஷமா அங்கதான் வைக்கிறேன். உனக்கு முன்னால ஆன்லைன் பாடத்தை அமைக்கிற வேல பாத்தவரு எதையும் தொறந்து விடலையே.

— நானும் உள்ளதைச் சொல்லிடுறேன்க்கா. வாரத்தை ஒவ்வொண்ணாதான் தொறக்கணும். எனக்குப் பொறுமை இல்ல. பதினாலையும் டிக் பண்ணி ஒரே அமுக்கு. மறைச்சு வச்சதும் சேர்ந்து தொறந்துக்கிச்சு. மாதாவே!

— எத்தன பேரு பாத்திருக்காங்க?

— ஒருத்தன்தான். புதன்கிழமை, ரெண்டு நிமிஷம். சிஸ்டத்துல பேரு விழுந்திருக்கு. ஜீவன்.

— பந்திங்லேருந்து மோட்டார்ல வருவானே, அவனா? மேருவுல ஃபேக்டரி ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து என் கிளாஸ்ல தூங்குவானே?

— அவனேதான்.

— கெட்டுச்சு போ. ரெண்டு தடவ ஃபெயிலு. இதான் அவனுக்குக் கடைசி சான்ஸ். கையில கெடைச்சத சும்மா விட்டுருப்பானா? இந்நேரம் ஊரு பூரா வாட்ஸ்அப்ல சுத்தியிருக்கும்.

— தெரியாது லா. டீன்கிட்ட நடந்ததைச் சொல்லிடலாமா? பரீட்சையைத் தள்ளி வச்சிட்டு வேற தாளு போடட்டும்.

— சொல்லு. சாயந்திரமே ரெண்டு பேருக்கும் விளக்கம் கேட்டு லெட்டர் வரும். உனக்கென்ன, சின்னப் பொண்ணு. எனக்கு டிசம்பர்ல காண்ட்ராக்ட் முடியுது. வீட்டுக்காரரு ஸ்ட்ரோக்ல படுத்ததுலேருந்து வீட்டுல என் சம்பளம் ஒண்ணுதான். அம்பத்து மூணு வயசுல எவன் வேல குடுப்பான்? பயமா இருக்கு உர்சுலா. சத்தியமா பயமா இருக்கு.

— நானும் இன்னும் புரொபேஷன்லதான் இருக்கேன்க்கா.

— அப்ப ஒரே வழிதான். அவன் உள்ள பூந்து எடுத்துட்டான்னு எழுதிடலாம்.

— அக்கா.

— மறைச்சு வச்ச கோப்புல அவனுக்கு என்ன வேல? பாத்தானா இல்லையா?

— தொறந்து கெடந்துச்சு, பாத்தான். சிஸ்டத்துல நான் தொறந்ததும் இருக்கு, மூடுனதும் இருக்கு.

— அதை நோண்டிப் பாக்கச் சொல்லி யாரைக் கேப்பாங்க? உங்க டிப்பார்ட்மெண்டைத்தானே? அங்க இந்தப் பாடத்தைப் பாக்கறது நீதானே?

— அவனைத் தூக்கிடுவாங்க லா.

— எப்படியும் இந்தத் தடவையும் ஃபெயிலாயி வெளியதான் போவான். அப்படிப் பாக்காத. நான் ஒண்ணும் கெட்டவ இல்ல.

— தே தாரேக் ஆறுது, குடிங்க. நாளைக்கு யோசிக்கலாம். நாலு மணி ரயிலைப் புடிச்சு நான் கிள்ளான் போகணும்.

— யோசிச்சா தைரியம் போயிடும். இந்தா, போன்லயே எழுதிட்டேன். மாணவர் ஜீவன் அனுமதி இல்லாம நுழைஞ்சு கேள்வித்தாளை எடுத்துட்டாரு, உர்சுலாதான் கண்டுபிடிச்சாங்க. டீனுக்கும் பரீட்சை ஆபீசுக்கும். நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு.

— என் பேரு எதுக்கு அதுல?

— பேரு இல்லாட்டி உன்னையும் சேர்த்துல்ல கேப்பாங்க.

— அனுப்புறதுன்னா சீக்கிரம் அனுப்பிடுங்க. என்னால முடியல.

— போயிடுச்சு. அந்தப் பக்கத்தையே மொத்தமா அழிச்சிரு இப்ப.

— ஒன் மினிட். அழிக்க விட மாட்டேங்குது. ஒரு கருத்து இருக்காம், அதையும் சேர்த்து அழிக்கவான்னு கேக்குது.

— என்ன கருத்து?

— ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலயும் ஒரு பெட்டி வச்சேன்ல, ஆசிரியருக்கு ஏதாவது சொல்லணுமான்னு.

— அதுல எவன் எழுதுவான்னு அன்னைக்கே கேட்டேன். நான் ஒருநாளும் அதைத் தொறந்து பாத்ததில்ல.

— நானும் பாக்கல. ஜீவன் எழுதியிருக்கான்க்கா. புதன்கிழமை. தமிழ்தான், இங்கிலீஷ் எழுத்துல.

— படி.

— "மிஸ், இது ஃபைனல் தாளு மாதிரி இருக்கு. முதல் கேள்வியைப் பாத்ததும் மூடிட்டேன். உங்களுக்குப் பிரச்சனையாயிடும்னு யாருகிட்டயும் சொல்லல, சீக்கிரம் மறைச்சிடுங்க. எனக்கு மட்டும் வேற தாளு குடுங்க மிஸ், இந்தத் தடவ நான் படிச்சிருக்கேன்."